ஒகேனக்கல், ஓசூர் பக்கம் ஹோம்ஸ்டே தொடங்குகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்

பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள், பெரியவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள். மாத வாடகைக்கு விட்டால் பெரிதாக ஒன்றும் கைக்கு வருவதில்லை. பக்கத்து ஊரில் யாரோ தோட்டத்து வீட்டைச் சுற்றுலா வருகிறவர்கள் நாள் வாடகைக்குத் தங்கும் ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார், சனி ஞாயிறு ஆனால் வாசலில் கர்நாடக நம்பர் கார்கள் நிற்கின்றன. நாமும் இறங்கலாமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக இறங்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் பணம் எங்கே வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இடம் நமக்குச் சாதகம்தான். பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 90. தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஒகேனக்கல்லுக்குப் பேர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தளி, அஞ்செட்டிப் பக்கத்துக் காடு, வத்தல்மலை, கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் என்று இரண்டு நாள் ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. வருகிற ஆள் இருக்கிறார்களா என்ற கவலை இங்கே குறைவு. வந்தவர் போனபின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

விற்பது வீட்டை அல்ல, இரவை

மாத வாடகையில் சாவியைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் உங்கள் வேலை முடிந்தது. குறுகிய கால வாடகையில் நீங்கள் ஒவ்வோர் இரவாக விற்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை இரவு யாரும் வரவில்லை என்றால் அந்த இரவை அப்புறம் விற்க வழியே இல்லை. பஸ் கிளம்பிய பிறகு காலி சீட்டுக்கு டிக்கெட் கிழிக்க முடியாது, அப்படித்தான். இதைப் புரிந்துகொண்டவர்கள் கூட அடுத்த படியில் தடுமாறுகிறார்கள். ஓர் இரவுக்கு 2,500 ரூபாய், மாதம் 30 நாள், ஆக 75,000 என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நம் பக்கம் வருகிற கூட்டம் வார இறுதிக் கூட்டம். தொடங்கிய முதல் வருஷத்தில் மாதம் எட்டு, ஒன்பது இரவு நிரம்பினாலே போதும் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். தொகைகள் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறும், போடும் முறை மாறாது. ஒன்பது இரவு, இரவுக்கு 2,500 என்றால் 22,500 ரூபாய். ஆன்லைனில் ஆட்களைப் பிடித்துத் தரும் புக்கிங் தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று வைப்போம். 3,375 போக 19,125. கரன்ட், இன்டர்நெட், கேஸ் எல்லாம் சேர்த்து 2,500. பழுது பார்க்க என்று 1,000 ஒதுக்கி வைத்தால் மிச்சம் 15,625.

இப்போதுதான் முக்கியமான செலவு வருகிறது. ஒரு கூட்டம் காலி செய்து அடுத்த கூட்டம் வருவதற்குள் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். சுத்தம் செய்கிற அக்காவுக்கு 400, சலவைக்கு 250, சோப்பு, டீத்தூள், சர்க்கரை, குடிநீர் கேன் வகையில் 150. ஒரு முறைக்கு 800 ரூபாய். ஒன்பது இரவுக்கும் ஒன்பது வேறு வேறு ஆட்கள் வந்தால் 7,200 ரூபாய் இதற்கே போகும். மிச்சம் 8,425. அதே ஒன்பது இரவை ஐந்து கூட்டம் எடுத்துக்கொண்டால், அதாவது நாலு பேர் இரண்டிரண்டு இரவும் ஒருவர் ஓர் இரவும் தங்கினால், இந்தச் செலவு 4,000 ரூபாய்தான். மிச்சம் 11,625.

இரண்டிலும் வரவு ஒன்றுதான். வித்தியாசம் 3,200 ரூபாய். அந்த வீடு மாத வாடகைக்கு 8,000 போகும் என்று வைத்துக்கொண்டால், முதல் வகையில் நீங்கள் ஒரு மாதம் முழுக்க ஓடியாடிச் சம்பாதித்தது கூடுதலாக 425 ரூபாய். இரண்டாவது வகையில் 3,625. ஆகவே எத்தனை இரவு நிரம்பியது என்று மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை முறை ஆள் மாறியது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தத் தொழிலின் லாப நஷ்டம் அந்த இரண்டாவது எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இதிலிருந்து சில முடிவுகள் தானாகவே வரும். வெள்ளி, சனி இரண்டு இரவும் சேர்த்து எடுப்பவருக்கு முன்னுரிமை கொடுங்கள்; தளங்களில் குறைந்தது இரண்டு இரவு என்று வைக்க வசதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை நெருங்கியும் காலியாக இருந்தால் அப்போது ஓர் இரவுக்குத் திறந்துவிடலாம். சுத்தம் செய்யும் கட்டணத்தைத் தனியாகக் காட்ட முடிந்தால் காட்டுங்கள், அப்போது ஓர் இரவு தங்குகிறவர் தன் பங்கைத் தானே கொடுக்கிறார். ஞாயிறு இரவுக்கு புக்கிங் இல்லை என்றால் காலி செய்ய 11 மணிக்கே விரட்ட வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் ஓசூர், அத்திப்பள்ளி வழியில் பெங்களூர் திரும்பும் நெரிசலைப் பற்றி அவர்களுக்கே தெரியும். மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்குக் கிளம்புங்கள் என்று சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, அவர்கள் அதைப் போகிற இடமெல்லாம் சொல்வார்கள்.

காலை 11 முதல் மதியம் 2 வரை

வழக்கமாகக் காலை 11 மணிக்குக் காலி செய்வார்கள், மதியம் 2 மணிக்கு அடுத்தவர் வருவார். நடுவில் இருப்பது மூன்று மணி நேரம். ரிவியூவில் வருகிற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த மூன்று மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

வேலைக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் கட்டில். விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் உருவி, உதறிப் பார்த்து, துவைக்கப் போட வேண்டும். உதறாமல் போட்டால் யாருடைய கம்மலோ மாத்திரை அட்டையோ தண்ணீரோடு போகும். அடுத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, பாத்ரூம். பாத்ரூமில் தரை காயவே அரை மணி நேரம் ஆகும் என்பதால்தான் அதை முன்னால் வைக்கிறோம். ஈரத் தரையோடு வரவேற்றால் சுத்தமாகக் கழுவிய பாத்ரூம் கூட அழுக்காகத் தெரியும். வடிகால் சல்லடையைக் கையால் எடுத்து முடியை நீக்குங்கள். ஒரு முடி போதும், மற்ற எல்லா உழைப்பும் வீண். பிறகு சமையலறை, ஃபிரிட்ஜ், குப்பைத் தொட்டி. கூட்டித் துடைப்பது கடைசி.

எல்லாம் முடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, அப்புறம் படுத்து ஒருமுறை பாருங்கள். விருந்தினர் அப்படித்தான் பார்க்கப் போகிறார். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத மின்விசிறித் தூசி, மூலை ஒட்டடை, சுவிட்ச் போர்டுக் கறை எல்லாம் அங்கிருந்து தெரியும்.

விரிப்பு எத்தனை வாங்குவது? ஒரு கட்டிலுக்கு மூன்று ஜோடி. ஒன்று கட்டிலில், ஒன்று துவையலில், ஒன்று பீரோவில். இரண்டு ஜோடியில் சமாளிக்கலாம் என்று நினைத்தால் ஐப்பசி மழையில் துணி காயாமல் மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளை விரிப்புதான் நல்லது. சுத்தம் என்பது வெள்ளையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மெத்தைக்கு மேல் தண்ணீர் இறங்காத உறை ஒன்று கட்டாயம். குழந்தைகளோடு குடும்பங்கள் வந்தால் மெத்தை கெடுவது ஒரே இரவு வேலை.

சுத்தம் செய்ய வருகிறவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் முதலாளிக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். கூலியை அன்றன்றைக்கே கொடுங்கள். ஆடி பதினெட்டு, பொங்கல் போன்ற நாட்களில் அவருக்கும் வீடு, விசேஷம் உண்டு. அன்றைக்கு வரச் சொன்னால் கூடுதலாகக் கொடுங்கள், மாற்று ஆள் ஒருவரையும் முன்பே பழக்கி வையுங்கள். குழாய் சொட்டுகிறது, கொசுவலை கிழிந்திருக்கிறது என்று உங்களுக்கு முதலில் சொல்லப் போகிறவர் அவர்தான். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றும்படி நடந்துகொள்ளுங்கள்.

எண்ணெய், உப்புத் தண்ணீர், குடிநீர்

ஒகேனக்கல் பக்கம் வீடு விடுகிறவர்களுக்கு எந்தப் பொது வழிகாட்டியிலும் இல்லாத ஒரு பிரச்சினை உண்டு. அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் மசாஜ் செய்துகொள்வார்கள். அருவியில் குளித்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. அப்படியே வந்து படுப்பார்கள். உங்கள் வெள்ளை விரிப்பில் தோள், முதுகு, தலை மூன்றும் அச்சாக விழும். பாத்ரூம் தரையில் எண்ணெய் சொட்டி வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் அது கறையோடு முடியாது.

தடுப்பது சுலபம். வீட்டுக்கு வெளியே, குழாயடியில் ஒரு சிமெண்ட் மேடை, ஒரு ஸ்டூல், ஒரு வாளி. பக்கத்தில் சீயக்காய் அல்லது அரப்புத்தூள் ஒரு டப்பாவில். அடர்ந்த நிறத்தில் நாலைந்து துண்டுகளை 'எண்ணெய்க் குளியலுக்கு' என்று எழுதி அங்கேயே மாட்டி வையுங்கள். வந்த அன்றைக்கே இதைக் காட்டிச் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அங்கேயே குளிப்பார்கள். அதையும் மீறிக் கறை விழுந்தால், துவைக்கும் முன் பாத்திரம் துலக்கும் லிக்விடைக் கறையில் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, சுடுதண்ணீரில் அலசுங்கள். நேராக மெஷினில் போட்டு வெயிலில் காயவைத்துவிட்டால் மஞ்சளாக நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. ஷவரில் வெள்ளையாகப் படிந்து துளைகள் அடைத்துக்கொள்ளும், கீசரின் சுருள் மேல் ஓடு கட்டும், கண்ணாடி டம்ளர் எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகவே இருக்கும். மாதம் ஒருமுறை ஷவர் தலையைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப் போடுங்கள். கீசரை வருஷம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் சுடுதண்ணீர் வரவில்லை என்பதுதான் ராத்திரி பத்து மணிக்கு வருகிற போன். அந்தப் பக்கம் ஆளுக்கு ஒரு கனத்த கம்பளியும் கட்டாயம். தருமபுரிப் பக்கம் சித்திரை வெயிலுக்கு ஏசி இல்லாமல் பகலில் வீட்டில் உட்கார முடியாது. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துப் பணத்தைப் போடுங்கள்.

குடிநீரில் மட்டும் கொஞ்சமும் அசட்டை வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே; பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகக் கொண்டுவரப்பட்டதுதான், 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். ஆகவே போர் தண்ணீரைக் காய்ச்சி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். திட்டத் தண்ணீர் வருகிறதா, அதைக் குடிக்கத் தனியாகப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் ஆர்.ஓ. கருவி, அல்லது நம்பிக்கையான இடத்துக் கேன். எந்தக் குழாய்த் தண்ணீர் குடிக்க, எது குளிக்க மட்டும் என்று குழாய்க்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுவது நல்லது. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைப்பதைவிட மண்பானையும் செம்பும் வைப்பது அழகு, குப்பையும் குறையும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கப், தட்டு, பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அதைச் சொல்லுங்கள்.

ஆறும் யானையும் மாமரமும்

ஒகேனக்கல்லை நம்பி வீடு விடுகிறவர் காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டியது புக்கிங் ஆப்பை அல்ல, ஆற்றில் எத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்பதை. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்தால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். ஏறினால் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஆனி, ஆடி மாதங்களில், இது அடிக்கடி நடக்கும். ஆடி பதினெட்டுக்குக் கூட்டம் திரளும் அதே சமயம் ஆறும் பெருகி ஓடலாம்.

தடை என்று தெரிந்த உடனே வரப்போகிறவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மறைத்து வரவழைத்தால் ஒரு புக்கிங் காசு கிடைக்கும், அதோடு ஒரு மோசமான ரிவியூவும் கிடைக்கும். 'பரிசல் இல்லை, தேதியை மாற்றிக்கொள்ளலாம், வந்தாலும் பார்க்க வேறு இடம் இருக்கிறது' என்று சொன்னால் பாதிப் பேராவது வருவார்கள். அந்த வேறு இடங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஒகேனக்கல்லிலேயே முதலைப் பண்ணை, தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள், அதியமான்கோட்டை காலபைரவர் கோயில், தீர்த்தமலை, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம். கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் ராயக்கோட்டைக் கோட்டை, மல்லச்சந்திரம் கற்திட்டைகள், ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடு. அரை நாளில் போய்வரக் கூடியவையாகப் பார்த்துக் கொடுங்கள், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்து.

தடை இல்லாத நாளிலும் ஆற்றைப் பற்றி எச்சரிப்பது உங்கள் கடமை என்றே நினைக்கிறேன். காவிரியில் பாறை வழுக்கும், சுழல் கண்ணுக்குத் தெரியாது. அனுமதி இல்லாத இடத்தில் இறங்க வேண்டாம், குடித்துவிட்டு இறங்கவே வேண்டாம் என்று வாசலில் சாவி கொடுக்கும்போதே முகம் பார்த்துச் சொல்லுங்கள். எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.

ஜவளகிரி, தளி, அஞ்செட்டிப் பக்கம் என்றால் யானை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் சமயத்தில் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் வரும். ராகி முற்றும் காலம் அது. இங்கே இருப்பது பாதுகாக்கப்பட்ட காடு, காவிரி வடக்கு வனஉயிரின சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. விருந்தினரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். இருட்டிய பிறகு வெளியே நடக்கக் கூடாது. பலாப்பழத் தோல், வாழைப்பழம், மீந்த சாப்பாடு எதையும் வெளியே போடக் கூடாது. சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது. யானை வந்தால் டார்ச் அடித்து வீடியோ எடுக்கக் கூடாது. காட்டு ஓரத்தில் வீடு வைத்துக்கொண்டு 'யானை பார்க்கலாம்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் விருந்தினர் உயிரோடும் யானையின் உயிரோடும் விளையாடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு வைகாசி, ஆனி மாதங்கள் பொற்காலம். கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியும் அப்போதுதான் நடக்கும். பெங்களூரில் வளர்ந்த குழந்தைக்குத் தன் கையால் ஒரு செந்தூரா பறிப்பது பெரிய விஷயம். ஆளுக்கு இத்தனை கிலோ எடுத்துப் போகலாம் என்று வாடகையோடு சேர்த்துவிடலாம். ஆனால் பூக்கும் காலத்தில் மருந்து அடிப்பீர்கள் அல்லவா, அந்த நாட்களுக்கு புக்கிங் காலண்டரை முன்பே பூட்டிவிடுங்கள். பழ சீசனில் உதிர்ந்த பழங்களைத் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்தாவிட்டால் ஈ வீட்டுக்குள் வரும். தேனீ, பாம்பு பற்றியும் சொல்லி, தோப்புக்குள் போகச் செருப்பும் ராத்திரிக்கு டார்ச்சும் கொடுங்கள். பாம்புக் கடிக்கு எந்த அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், எத்தனை கிலோமீட்டர் என்பதை 108 எண்ணோடு கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.

காகித வேலை

இதைத் தள்ளிப் போடாமல் முதலிலேயே முடியுங்கள். சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்துகொள்ளலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரைதான், உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஆகவே பூட்டிக் கிடக்கும் வீட்டை அப்படியே விடுவது வேறு வகையில் வரும். உங்கள் வீடு எதில் சேரும் என்று மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சி அல்லது நகராட்சியில் தொழில் உரிமம், சொத்து வரி வகை மாற்றம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். மின்வாரியத்திலும் அப்படியே. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இணைப்பில் வியாபாரம் நடப்பது தெரிந்தால் பிற்பாடு சிக்கல்.

ஜிஎஸ்டி: இத்தகைய சேவையில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பதிவு தேவைப்படாதவர் புக்கிங் தளம் வழியாக விட்டால் அந்த வரியைக் கட்டும் பொறுப்பு தளத்துக்கு. வருமான வரிக்கு இந்த வரவு கணக்கில் வரும், மறைக்க முடியாது. தளம் வழியாக வருகிற பணத்துக்குப் பதிவு இருக்கிறது. உங்கள் ஊர் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

தங்குகிற பெரியவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்த்து, ஒரு பதிவேட்டில் பெயர், ஊர், போன், வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய தகவல் படிவத்தை (முன்பு 'சி' படிவம் என்பார்கள்) ஆன்லைனில் அனுப்ப வேண்டும்; பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் இந்தத் தேவை எதிர்பாராமல் வரும். சமைத்துப் போட்டுக் காசு வாங்குவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். கேமரா வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் மட்டும். அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். படுக்கையறையிலோ பாத்ரூமிலோ கேமரா வைத்தால் அது குற்றம். சாதாரண வீட்டுக் காப்பீடு வாடகைத் தொழிலுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

விளம்பரமும் அக்கம்பக்கமும்

படம் எடுக்கும்போது உள்ளது உள்ளபடி எடுங்கள். வீடு பென்னாகரத்தில் இருந்தால் 'ஒகேனக்கல் அருகில்' என்று மட்டும் போடாமல், அருவிக்குச் சுமார் 16 கிலோமீட்டர், காட்டுச் சாலை என்று எழுதுங்கள். ஆள் கொஞ்சம் குறையலாம், வருகிறவர் திருப்தியோடு போவார். போன் சிக்னல் எந்தக் கம்பெனிக்கு எடுக்கும், எதற்கு எடுக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். அஞ்செட்டிப் பக்கம் இது பெரிய விஷயம். மேப்பில் காட்டும் வழி சில சமயம் தோட்டத்துப் பாதையில் கொண்டுபோய் விடும் என்பதால், கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு அடையாளம் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள்: 'மாரியம்மன் கோயில் தாண்டி, தண்ணீர் டேங்குக்கு இடது பக்கம்' என்கிற மாதிரி.

சாப்பாட்டில் பெரிய மெனு தேவையில்லை. ராகிக் களி, கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு என்று ஒரு வேளை சொல்லி வைத்துச் சமைத்துக் கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டு அக்காவே சமைத்துக் கொடுத்தால் அவருக்கும் வருமானம். ஊர் உங்கள் பக்கம் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ராத்திரிச் சத்தம், தெருவை அடைக்கும் கார்கள், குளத்தங்கரையில் பாட்டில் என்று ஊருக்குத் தொல்லை போனால், நீங்கள் எத்தனை உரிமம் வைத்திருந்தாலும் தொழில் நிலைக்காது. பத்து மணிக்கு மேல் வெளியே சத்தம் கூடாது என்பதை புக்கிங் செய்யும்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

கடைசியாக, காலியாகக் கிடக்கும் வாரநாட்கள். சுற்றுலாக் கூட்டம் திங்கள் முதல் வியாழன் வரை வராது, விலையைப் பாதியாக்கினாலும் வராது. அந்த நாட்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு மெஷின் பொருத்த வருகிறவர்கள் ஒரு வாரம், பத்து நாள் தங்குவார்கள். ஒரே ஒருமுறைதான் ஆள் மாற்றம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்த நோயாளியின் குடும்பத்துக்குச் சமைக்க வசதியுள்ள வீடு வேண்டும். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் மண்டபத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் தங்க இடம் தேடுவார்கள். இவர்கள் எவரும் ஆப்பில் தேட மாட்டார்கள். மண்டப மேனேஜரிடமும், சிப்காட் பக்கத்து மெஸ்காரரிடமும், மருத்துவமனை எதிரில் உள்ள மருந்துக் கடையிலும் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். புக்கிங் காலண்டருக்குப் பக்கத்தில் பஞ்சாங்கக் காலண்டரையும் மாட்டி, அடுத்த மூன்று மாதத்து முகூர்த்த நாட்களை இன்றைக்கே வட்டமிட்டுவிடுங்கள்.